அம்மாவின் பாசிகளும் அப்பாவின் லட்சார்ச்சனையும்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் எனக்கு விளையாட்டுப் பெட்டி, அம்மாவுக்கு ஆராய்ச்சிக்கூடம், அப்பாவுக்குப் பூஜை அறையின் கிளை அலுவலகம். மூன்று பேருக்கும் இருந்தது அது ஒன்றுதான். மந்தைவெளியில், இரண்டாவது மாடியில், கூடத்து ஜன்னலோரம் பழைய தையல் மிஷின் மேஜைமேல் அது வீற்றிருந்தது. அப்பாவின் அலுவலகத்தில் இனி உதவாது என்று கழித்துக் கட்டிய சாமான்களில் ஒன்று. வெயில் காலம் வந்தால் அதன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு, டேபிள் ஃபேனை அதன் விலாவைப் பார்த்துத் திருப்பி வைத்துவிடுவோம். மனிதர்கள் நாங்கள் மூவரும் விசிறி மட்டையோடு உட்கார்ந்திருப்போம்.

நான் நான்காம் வகுப்பு முடித்திருந்த மே மாதம் அது. அம்மா தன்னுடைய தீஸிஸை முடித்தே ஆக வேண்டிய மாதமும் அதுதான். அம்மா தாவரவியல் படித்தவள். ஊரில் இருக்கும் கோயில் குளங்களில் என்னென்ன பாசிகள் வளர்கின்றன என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. கல்யாணமான புதிதில் பதிவு செய்து, பாதி தூரம் வந்தபோது நான் பிறந்து, அது அப்படியே நின்றுபோனது. நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் மறுபடி பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். குளத்துப் படியில் அவள் குனிந்து தண்ணீர் மொள்ளும்போதெல்லாம் யாராவது ஒரு மாமி, "எங்களுக்கும் துளி தீர்த்தம் கொடுங்கோ" என்று கையை நீட்டுவாள். அம்மா ஒருத்தருக்கும் கொடுத்ததில்லை. அதில் என்னவெல்லாம் வளர்கிறது என்று அவளுக்குத்தானே தெரியும்!

அந்தப் பச்சைத் தண்ணீர் பாட்டில்கள் எங்கள் ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும். அதைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. நிறைவாகவும் சொன்னதில்லை. அம்மாவுக்கு அதுதான் மனத்தாங்கல்.

"பதினோரு வருஷமா இந்தாத்துல ஒருத்தி மாரடிச்சிண்டிருக்காளே, எதுவரைக்கும் வந்திருக்குன்னு ஒரு நாள் கேட்டதுண்டா உங்கப்பா?" என்று என்னிடம் கேட்பாள். நான் என்ன பதில் சொல்வது? அவர் கேட்டு எனக்கும் ஞாபகம் இல்லை. அப்பா பொதுவாகவே எதையும் கேட்கிற ரகம் இல்லை. சாம்பாரில் உப்பு இல்லாவிட்டால்கூடத் தானே எழுந்து போய்ப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்.

அதற்கு முந்தின மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. இதற்கு மேல் அவகாசம் கிடையாது. மே மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் தீஸிஸ் வந்து சேராவிட்டால் பதிவு ரத்து. அன்றைக்கு அம்மா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், வெங்காயம் நறுக்காமலே மூக்கை உறிஞ்சினாள். அப்பா கடிதத்தை இரண்டு முறை படித்தார், மடித்து உறையில் போட்டார், குளிக்கப் போய்விட்டார். எனக்கே கோபமாக வந்தது.

அவருடைய கிளை அலுவலகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போன நவராத்திரிக்கு அம்மா ஒரு வீட்டுக்குக் கொலு பார்க்கப் போயிருந்தாள். எல்லோரும் வெற்றிலை பாக்கோடு பிளாஸ்டிக் டப்பா வைத்துக் கொடுத்தால், அந்த வீட்டில் சிடி வைத்துக் கொடுத்தார்கள். அவர்கள் பிள்ளை கம்ப்யூட்டர் படித்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை சும்மா இருப்பானேன் என்று தானே செய்த பூஜையாம். அதைப் போட்டால் திரையில் ஒரு பிள்ளையார் வருவார். மணி அடிக்கும், கற்பூரம் சுற்றும். நாமம் சொல்லச் சொல்ல, ஒரு நாமத்துக்கு ஒரு பூ மேலேயிருந்து விழும். நூற்றெட்டா, ஆயிரத்தெட்டா, லட்சமா என்று கேட்கும். அம்மா ஒருதரம் பார்த்துச் சிரித்துவிட்டு மேஜை டிராயரில் போட்டாள். அப்பா அதை எடுத்துக்கொண்டார்.

எப்போது எடுத்துக்கொண்டார் என்று யாரும் கவனிக்கவில்லை. காலையில் குளித்து விபூதி இட்டுக்கொண்டு, பூஜை அறையில் இருக்கும் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கூடத்துக்கு வந்து கம்ப்யூட்டரைப் போடுவார். ஒரு விரலால் ஏதோ தட்டுவார். மணி அடித்ததும் கைகூப்பி நின்றுவிட்டு ஆபீஸுக்குக் கிளம்புவார். "அது பாட்டுக்கு ஓடட்டும், பாதியில யாரும் நிறுத்தக் கூடாது" என்பார். எனக்குத் தெரிந்து அவர் வீட்டில் போட்ட ஒரே உத்தரவு அது. அம்மா சத்தத்தைக் குறைத்து, பிள்ளையாரைத் திரையின் அடியில் ஒரு சின்னப் பட்டையாக ஒடுக்கிவிட்டு, தன் பாசிகளைத் திறந்துகொள்வாள். சாயங்காலம் அப்பா வந்து அன்றைய பூஜையை மூடிவிட்டு அணைப்பார். இப்படியே போய்க்கொண்டிருந்ததில், பகலெல்லாம் பிள்ளையார் அங்கே இருப்பதையே நாங்கள் மறந்துவிட்டோம்.

அந்தக் கடைசி வாரத்துத் திங்கட்கிழமை வந்தது. எழுத வேண்டியதெல்லாம் எழுதி, அச்சும் எடுத்தாகிவிட்டது. பாக்கி, மைக்ராஸ்கோப்பில் பிடித்த பாசிப் படங்கள், நாற்பத்தைந்து பக்கம். அவற்றைக் கலரில் பிரிண்ட் எடுக்க வேண்டும். அத்தை வீட்டிலிருந்து பிரிண்டர் இரவல் வந்திருந்தது. திருவல்லிக்கேணி பைண்டிங் கடைக்காரர், வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்குள் தாள்கள் கைக்கு வந்தால்தான் வெள்ளிக்கிழமைக்கு அட்டை போட்டுத் தர முடியும் என்று கறாராகச் சொல்லியிருந்தார். அம்மா முதல் படத்துக்குப் பிரிண்ட் கொடுத்தாள். பிரிண்டர் தாளை இழுத்தது, கால்வாசிப் பாசியை அச்சடித்தது, நின்றது. திரையின் வலது கோடியில் மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு கட்டம் எழும்பி, கம்ப்யூட்டரில் மெமரி குறைந்துவிட்டது என்று இங்கிலீஷில் சொன்னது. அதன்பிறகு மௌஸ் நகரவில்லை.

அணைத்துப் போட்டோம். இந்தத் தடவை அரைப் பாசி வந்தது. மறுபடி முக்கோணம்.

மெமரி என்றால் எங்கள் மூவருக்கும் தெரிந்த பொருள் ஒன்றுதான். இடம். பரண் நிறைந்துவிட்டால் பழைய பேப்பர்காரனைக் கூப்பிடுவதில்லையா, அதே விஷயம் என்று நினைத்தோம். அப்பாவும் ரசம் சாதத்துக்கு நடுவே, "வேண்டாததையெல்லாம் அழிச்சுப் பாரேன்" என்றார். எது வேண்டாதது என்று தீர்மானிக்கிற அதிகாரம் பெரியவர்கள் கையில் இருந்தால் யாருடைய சொத்து முதலில் போகும்? செவ்வாய்க்கிழமை காலையில் என் பின்பால் விளையாட்டு போயிற்று. கார் ரேஸ் போயிற்று. நான் வரைந்து வைத்திருந்த பதினேழு வீடுகளும், ஒவ்வொன்றின் பின்னாலும் இருந்த இரண்டு மலைகளும், நடுவில் இருந்த சூரியனும் போயின. நான் தரையில் புரண்டு அழுதேன். "தீஸிஸ் முடியட்டும், எல்லாத்தையும் திரும்பப் போட்டுத் தரேண்டி, என் கண்ணில்லையா" என்று அம்மா சத்தியம் செய்தாள். இவ்வளவு பலி கொடுத்த பிறகு பிரிண்ட் கொடுத்தால், அதே கால்வாசிப் பாசி, அதே முக்கோணம். என் பின்பால் ஒரு குற்றமும் செய்யாமல் செத்தது.

புதன்கிழமை காலை மெக்கானிக் வந்தார். லஸ் பக்கம் சின்னதாகக் கடை போட்டிருந்தவர். வந்ததும் பெட்டிக்குள் பலமாக ஊதினார். தூசி முழுவதும் அவர் முகத்திலேயே அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்து உச்சுக்கொட்டினார்.

"இன்னா மேடம், மெமரி நூத்தி இருவத்தெட்டுதான் கீது. இத்த வச்சிக்கினு இம்மா நாளு ஓட்டிக்கினு இருந்ததே பெரிய விசயம்."

"கூட ஒண்ணு வாங்கிப் போட முடியாதா?"

"இந்த மாடல் மெமரி ராமு இப்ப வர்றதில்ல மேடம். ரிச்சி ஸ்ட்ரீட்ல தேடிப் புடிக்கணும்னா ரெண்டு மூணு நாளு ஆவும். ஒண்ணு பண்லாம். ஃபார்மட் அடிச்சி உட்டுட்டா பொட்டி புதுசு மாரி ஆயிடும்."

ஃபார்மட் என்றால் உள்ளே இருப்பது அத்தனையையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பது. அந்நாளில் கம்ப்யூட்டருக்கு என்ன நோய் வந்தாலும் நம் ஊர் மெக்கானிக்குகள் கொடுக்கிற மருந்து அது ஒன்றுதான். பாசிப் படங்கள் ஃப்ளாப்பிக்குள் அடங்காது, பென் டிரைவ் என்ற ஒன்று எங்கள் வீட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை. படங்கள் என்ன ஆகும் என்று அம்மா கேட்டாள். "காப்பி எடுத்துப் பாக்கலாம் மேடம். வந்தா வரும்" என்றார் அவர்.

வந்தா வரும் என்று கேட்டதும் அம்மா எழுந்தாள். அவருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு, "நீங்க காபி சாப்பிட்டுட்டுக் கிளம்புங்கோ" என்றாள். குரலில் ஒரு மரியாதைக்குறைவு இல்லை. ஆனால் அந்த மனுஷர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை உடனே பைக்குள் போட்டுவிட்டார்.

நல்ல மனுஷர். காபி குடித்த நன்றிக்கு, டாஸ்க் மேனேஜர் என்ற ஒன்றைத் திறப்பது எப்படி என்று காட்டினார். மூன்று பட்டன்களைச் சேர்த்து அமுக்கினால் ஒரு பட்டியல் வரும். பெட்டிக்குள் எந்தெந்த வேலை நடக்கிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு மெமரியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அதில் தெரியும். அவர் பட்டியலை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். ஒரு வரியில் கொஞ்சம் நின்றார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு கிளம்பிப் போனார்.

அதற்கப்புறம் அம்மா செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. இப்போது நான் இதே மாதிரிப் பெட்டிகளைப் பழுது பார்த்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். என்னோடு வேலை பார்க்கிறவர்கள் பெரிய பெரிய இடங்களில் படித்தவர்கள். அம்மா மாதிரி ஒருத்தரை நான் இன்னும் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரைப் பற்றி அவளுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. அழுவாள் என்று எதிர்பார்த்து நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அவளோ என் கணக்கு நோட்டை எடுத்து, மிச்சமிருந்த பக்கங்களில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட ஆரம்பித்தாள். இடது ஓரத்தில் பட்டியலில் இருந்த பெயர்கள், மொத்தம் இருபத்தேழு. மேலே மணி. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஒவ்வொரு பெயருக்கும் நேரே இருக்கும் எண்ணை நான் வாசிக்க வேண்டும், அவள் பென்சிலால் குறிப்பாள்.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"குளத்துல எது வளர்றது, எது சாகறதுன்னு எப்படித் தெரியும்? தினம் எண்ணினாத்தானே தெரியும். பேசாம வாசி."

வாசித்தேன். இடையில் நான் பொறுமை இழந்து, பாசிப் படத்தை மூடிவிட்டு திரையின் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தையும் மூடிப் பார்க்கலாமே என்றபோது கையைத் தட்டிவிட்டாள். "ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும். ரெண்டையும் சேர்த்து மாத்தினா எதனால சரியாச்சுன்னு தெரியாமப் போயிடும்." முதல் ஒரு மணி நேரம் படத்தைத் திறந்து வைத்து எண்ணினோம். அடுத்த ஒரு மணி நேரம் மூடி வைத்து எண்ணினோம். நடுவில் குக்கர் கூப்பிட்டது, கேஸ் சிலிண்டர்காரர் வந்தார், அம்மா பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு போய்விட்டு வந்தாள். மெமரி என்பது பரண் இல்லை என்று அவள் கண்டுபிடித்ததும் அந்த மத்தியானம்தான். "இது சமையல் மேடைடி. பரண்ல எவ்வளவு காலியா இருந்தா என்ன, மேடையில இடம் இல்லேன்னா காய் நறுக்க முடியாது. யாரோ மேடை முழுக்க அடைச்சிண்டு உட்கார்ந்திருக்கா" என்றாள். இன்றைக்கும் அலுவலகத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அம்மா நோட்டின்மேல் விரலை ஓட்டினாள். ஒவ்வொரு வரியிலும் எண்கள் ஏறின, இறங்கின, ஏறின. ஒரே ஒரு வரியில் மட்டும் இறக்கமே இல்லை.

"இது வளர்றதுடி!" என்றாள். புதுப் பாசி ஒன்று மைக்ராஸ்கோப்பில் சிக்கும்போது வருகிற குரல் அது. நானும் காரணம் தெரியாமல் குதித்தேன். ஆனால் அந்த வரியில் இருந்த பெயர் உயிரெழுத்தே இல்லாத எட்டு இங்கிலீஷ் எழுத்துகள், வாயில் நுழையவில்லை. யார் அந்த ஆசாமி என்று தெரிவதற்குள் அப்பா வந்து, வழக்கம்போலக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, அப்பா விபூதியோடு கூடத்துக்கு வந்தபோது அம்மா நோட்டோடு தயாராக நின்றிருந்தாள். "ஏன்னா, ஒரு நிமிஷம். இந்தப் பட்டியலை ஓரமாத் திறந்து வெச்சுடறேன், அப்புறம் உங்க பூஜையை ஆரம்பிங்கோ" என்றாள். அப்பா தலையாட்டினார். பட்டியலில் இருபத்தாறு பெயர்கள்தான் இருந்தன. அப்பா ஒரு விரலால் தட்டினார். மணி அடித்தது. இருபத்தேழாவது பெயர் வந்து உட்கார்ந்தது. வரும்போதே மற்ற எல்லாரையும்விட ஐந்து மடங்கு பெரியதாக வந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் தோளை அழுத்தினாள். அப்பா கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் அம்மா நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "பாதியில நிறுத்தாதீங்கோ" என்று அன்றைக்கும் சொல்லிவிட்டு அவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

அம்மா நேரே போய் மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டாள். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது. "அது சாமி மேடம்! நேத்தே பாத்துட்டேன். பாத்துட்டு, சாமிய போயி எண்ட் டாஸ்க் குடுத்து நிறுத்தச் சொல்றியான்னு உட்டுட்டேன். நமக்கும் புள்ள குட்டி கீது இல்ல?"

ஃபோனை வைத்துவிட்டு அம்மா பிள்ளையாரைப் பெரிதாக்கினாள். ஒரு மாதமாக நாங்கள் அவரைக் கவனித்துப் பார்க்கவே இல்லையே, பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிள்ளையார் இல்லை. திரை முழுக்கப் பூ. தும்பிக்கை நுனி மட்டும் ஓரத்தில் எட்டிப் பார்த்தது. அதன்மேலும் ஒவ்வொன்றாகப் பூ விழுந்துகொண்டிருந்தது.

"அட ராமா, நிர்மால்யத்தையே எடுக்கலையேடி இந்தப் பையன்!" என்றாள் அம்மா. மறுநாள் பூஜைக்கு முன்னால் முந்தின நாள் பூவைக் களைய வேண்டாமா? பூவைப் போடச் சொல்லிக்கொடுத்த அந்தப் பிள்ளை அதை எடுக்கச் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டான். கம்ப்யூட்டர் நடுவில் நின்றுபோய் அணைத்துப் போட்டாலும் அது தானாகவே விட்ட இடத்திலிருந்து தொடங்கியது, அதுவரை விழுந்த பூக்களையெல்லாம் மறுபடி அடுக்கி வைத்துக்கொண்டு. எங்கள் சமையல் மேடையை அடைத்துக்கொண்டிருந்தது முழுக்க முழுக்க அர்ச்சனைப் பூ. என் பின்பாலைக் கொன்றவர் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மணி எட்டரை. நாற்பத்தைந்து பக்கம், பக்கத்துக்கு ஐந்து நிமிஷம். இந்த நொடியே ஆரம்பித்தால்தான் ஒரு மணிக்குள் திருவல்லிக்கேணிக்குப் போய்ச் சேர முடியும். அம்மா மௌஸை மூலையிலிருந்த பெருக்கல் குறிக்குக் கொண்டுபோய் அமுக்கினாள். பிள்ளையார் மறையவில்லை. வேறொரு கட்டம் வந்தது. லட்சார்ச்சனை இன்னும் பூர்த்தியாகவில்லை, பாக்கி அறுநூற்றுப் பன்னிரண்டு நாமங்கள், நிறுத்தலாமா என்று கேட்டது. கீழே சங்கல்பம் என்று போட்டு ஐந்தாறு வரிகள் இருந்தன. அம்மாவின் மூக்குக்கண்ணாடி நோட்டின்மேல் கிடந்தது. "என்னடி போட்டிருக்கு, வாசி" என்றாள்.

வாசிப்பது அந்த வாரம் என் உத்தியோகம். வாசித்தேன். பெயர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர் இருந்தது. அம்மாவின் நட்சத்திரம். தொடங்கிய நாள், பல்கலைக்கழகத்துக் கடிதம் வந்ததற்கு மறுநாள். வேண்டுதல் என்ற இடத்தில் அப்பா தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்ததால் கூட்டிக் கூட்டிப் படிக்க வேண்டியிருந்தது. "தீஸிஸ் நல்லபடியா முடியணும். பாசி பத்தினது. அஞ்சு அத்தியாயமும் முடிஞ்சுடுத்து. படம் மட்டும் பாக்கி. பிரிண்ட் வரமாட்டேங்கறது."

அம்மா மௌஸிலிருந்து கையை எடுத்தாள். "இன்னொரு தரம் வாசி" என்றாள். ஃபேன் சத்தத்தில் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நான் இன்னும் உரக்க வாசித்தேன்.

"'ஆம்' கொடும்மா, மணியாறது!" என்றேன். அம்மா 'இல்லை' என்பதை அமுக்கினாள்.

அம்மா பாசிப் படத்தை மூடினாள். கடிகாரத்தை மூடினாள். திறந்திருந்தது ஒவ்வொன்றையும் மூடி, கம்ப்யூட்டர் முழுவதையும் பிள்ளையாருக்கே விட்டுக் கொடுத்துவிட்டு, முக்காலியைப் போட்டு எதிரில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாளாக ஒரு நிமிஷத்தைக்கூட வீணாக்காதவள் அரைமணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு பூ விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சுவர்க் கடிகாரத்துக்கும் அவளுக்குமாக நடந்தேன். ஒன்பது மணி தாண்டியதும் கடைசிப் பூ விழுந்தது, மணி அடித்தது, கற்பூரம் சுற்றியது. அம்மா எழுந்து, பூஜை முடிந்தால் களிமண் பிள்ளையாரைச் செய்வதுபோலவே, திரையை இரண்டு விரலால் தொட்டு லேசாக வடக்கே நகர்த்தி, "யதாஸ்தானம்" என்றாள். பிறகுதான் பெருக்கல் குறியை அமுக்கினாள்.

அப்புறம் பாருங்கள், பிரிண்டருக்கு என்ன வேகம்! முழுப் பாசி வந்தது. அடுத்த பாசி வந்தது. முக்கோணத்தின் நிழல்கூட இல்லை. பச்சையும் நீலமுமாக, சங்கிலி சங்கிலியாக, நட்சத்திரம் மாதிரி, வளையல் மாதிரி. அம்மா பதினோரு வருஷமாக எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒவ்வொரு தாளாக வாங்கி ஈரம் காயக் கட்டிலில் பரப்பினேன். கட்டில் முழுக்கக் குளமாகிவிட்டது. கடைசிப் பக்கம் வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். கையில் கிடைத்த புடவையைச் சுற்றிக்கொண்டு, தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு அம்மா ஆட்டோவில் ஏறினாள். நானும் தொற்றிக்கொண்டேன். போய்ச் சேர்ந்தபோது ஒன்று பத்து, கடைக்காரர் சாப்பிடப் போவதற்கு ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். அம்மா ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. குனிந்து, ஷட்டருக்கு அடியில் தாள்களை உள்ளே நீட்டினாள். உள்ளேயிருந்து இரண்டு கைகள் வந்து வாங்கிக்கொண்டன.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே தீஸிஸ் போய்ச் சேர்ந்துவிட்டது.

சனிக்கிழமை வீட்டில் கொழுக்கட்டை. அப்பா சொல்லித்தான். எதிர் ஃப்ளாட் மாமாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "லட்சார்ச்சனை பூர்த்தியாச்சு பாருங்கோ, அடுத்த நிமிஷம் பிரிண்ட் மடமடன்னு வந்துடுத்து!" என்றார். எழுத்துக்கு எழுத்து உண்மை. அதனால்தான் எனக்குத் தாங்க முடியவில்லை. வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "ஆமாம், எல்லாம் இவர் பண்ணினதுதான்" என்றாள் மாமாவிடம். கண்டுபிடித்தவளுக்குப் பேர் இல்லை, குற்றவாளிக்குக் கொழுக்கட்டை! இதைவிட அநியாயம் உலகத்தில் உண்டா? மெக்கானிக்குக்கு எதிரே அப்படி நின்றவள், அப்பாவுக்கும் பிள்ளையாருக்கும் இப்படிப் பயப்படுகிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

மாமா போன பிறகு அப்பா தன் தட்டைத் தானே அலம்பி வைத்துவிட்டு வந்தார். பிறகு, "அடுத்து வைவான்னு, நேர்ல உட்கார வெச்சுக் கேள்வி கேட்கறது ஒண்ணு இருக்காமே?" என்றார்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆமாம்" என்றாள். "ரெண்டு மாசம் ஆகும். அதுக்கும் ஒரு லட்சம் போடுங்கோ."

சொன்னதோடு நிற்கவில்லை. தானே எழுந்து போய்ச் சிடியைத் துடைத்து எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள். இருபத்தேழு பெயரையும் எழுதி, எது மெமரியைத் தின்கிறது என்று நிமிஷக்கணக்கில் குறித்து வைத்திருந்தவள் அவள்தான். அந்த நோட்டு அலமாரியிலேயே இருந்தது. இவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடித்ததை இரண்டே நாளில் மறந்துவிட்டாளே, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.